பிரெஞ்சுக் கிராமத்து வீட்டில் விருந்தாளியாகத் தங்குவது எப்படி?

கொழும்பிலிருந்து பிரான்ஸுக்குப் போகிற எங்கள் ஆட்களின் பயணம் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான். பாரிஸ் புறநகரில் அக்காவோ தம்பியோ இருப்பார். அவர் வீட்டு ஹோலில் மெத்தை போட்டு மூன்று கிழமை தங்குவோம். ஈபிள் கோபுரம், லாச்சப்பல் கடைகள், மாணிக்க விநாயகர் கோயில், ஒரு நீண்ட வார இறுதியில் லூர்து மாதா. அப்புறம் பெட்டி நிறைய சொக்லேட்டோடு வெள்ளவத்தைக்குத் திரும்பி வந்துவிடுவோம். நாட்டுப்புறம் ரயில் ஜன்னலில் ஓடி மறைகிற பச்சை நிறம், அவ்வளவுதான்.

நான் இரண்டு தடவை அந்தப் பச்சைக்குள் இறங்கித் தங்கியிருக்கிறேன். 2018 ஜூனில் கணவரோடும், 2024 செப்டெம்பரில் எழுபது தாண்டிய அம்மாவோடும். இரண்டும் பூர்கோன் மாகாணத்தில், அவலோன் என்ற சிறு நகரத்துக்கும் வெசெலே என்ற மலைமேல் ஊருக்கும் நடுவில். செலவு அதிகம் என்ற பயத்தில்தான் பலர் இதை நினைத்துப் பார்ப்பதே இல்லை. உண்மை அப்படியில்லை. அம்மாவோடு போனபோது பாரிஸில் ஒரு சாதாரண ஹோட்டல் அறைக்கு 130 யூரோ கேட்டார்கள். கிராமத்து வீட்டில் இரண்டு பேருக்கும் காலைச் சாப்பாட்டோடு 68 யூரோ கொடுத்தேன். அறையின் ஜன்னலைத் திறந்தால் வெள்ளை மாடுகள் மேய்கிற புல்வெளி.

இப்படியான வீட்டுக்கு அங்கே 'ஷாம்ப்ர் தோத்' என்று பெயர். விருந்தாளி அறை என்று வைத்துக்கொள்ளலாம். வீட்டுக்காரர் அதே வீட்டில் குடியிருந்து, தானே வரவேற்று, படுக்கை விரிப்பும் துவாயும் காலைச் சாப்பாடும் வாடகைக்குள்ளேயே தர வேண்டும் என்பது அங்கே சட்டம். ஐந்து அறைக்கு மேல், பதினைந்து பேருக்கு மேல் வைக்க முடியாது. ஊரின் மேரியில், அதாவது நகரசபையில், அறிவித்திருக்கவும் வேண்டும். ஆகவே இது லொட்ஜ் இல்லை, ஒரு குடும்பத்தின் வீடு. யாழ்ப்பாணத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்கு ஆள் அனுப்பாமல், நேரம் சொல்லாமல், சாப்பாட்டு விஷயம் சொல்லாமல் போய் இறங்குவோமா? அதே கணக்குத்தான் இங்கேயும். முன்கூட்டியே எழுதுங்கள். இதில் கிடைக்கிற மலிவும் மரியாதையும் பாதிக்கு மேல் அந்தக் கடிதத்தில்தான் இருக்கிறது.

எழுதுவதற்கு முன் ஒன்றை முடிவு செய்ய வேண்டும். உங்களுக்குத் தினமும் சோறு வேண்டுமா? வேண்டும் என்றால் தேட வேண்டியது 'ஜீத்'. அது குசினியோடு முழு வீட்டை வாடகைக்கு எடுப்பது. கோடையில் அநேகமாகச் சனிக்கிழமையிலிருந்து சனிக்கிழமை வரை கிழமைக் கணக்கில்தான் தருவார்கள். படுக்கை விரிப்புக்குப் பல இடங்களில் தனிக்காசு. ஐந்தாறு பேர் கொண்ட குடும்பத்துக்கு அது லாபம். இரண்டு பேர் மூன்று நாலு இரவு தங்குவதற்கு ஷாம்ப்ர் தோத்தான் சரி. ஆனால் அறையில் சமைக்கக் கூடாது. ரைஸ் குக்கரைப் பெட்டியில் வைக்கிற எண்ணம் இருந்தால் இப்போதே கைவிடுங்கள்.

தேடுவதற்குப் பெரிய முன்பதிவுத் தளங்களை எல்லோருக்கும் தெரியும். நான் அவற்றில் ஊரையும் விலையையும் பார்ப்பேன். பிறகு அதே வீடு 'ஜீத் து பிரான்ஸ்' அமைப்பில் இருக்கிறதா என்று தேடுவேன். 1955இல் தொடங்கிய அமைப்பு அது. வீடுகளை நேரில் பார்த்துத் தரம் கொடுக்கிறார்கள். அந்தத் தரத்துக்கு அடையாளம் நட்சத்திரம் இல்லை, கோதுமைக் கதிர். ஒன்றிலிருந்து ஐந்து வரை. இரண்டு, மூன்று கதிர் வீடுகள் போதும். நான் தங்கிய இரண்டுமே மூன்று கதிர் வீடுகள்தான், ஒரு தூசு இல்லை. பண்ணையிலேயே தங்க ஆசை என்றால் 'அக்கேய் பெய்சான்' என்ற அமைப்பையும் பாருங்கள்.

அறை விவரத்தில் சில சொற்களைக் கவனிக்க வேண்டும். 'சால் தோ' என்றால் ஷவர் மட்டும் உள்ள குளியலறை, 'சால் து பான்' என்றால் தொட்டி உள்ளது. முழங்கால் வலி உள்ளவர்களுக்குத் தொட்டி விளிம்பைத் தாண்டுவது பெரும்பாடு, ஷவரே நல்லது. 'பார்த்தாஜே' என்று இருந்தால் குளியலறை மற்ற விருந்தாளிகளுக்கும் பொது. விலை குறைவது பல நேரம் அதனால்தான். 'லி 140' என்றால் இரட்டைக் கட்டிலின் அகலம் 140 சென்டிமீட்டர். எங்கள் வீட்டுக் கட்டிலை நினைத்துக்கொண்டு போனால் இரண்டு பேருக்கு அது இறுக்கம். தாயும் மகளும், இரண்டு சிநேகிதிகள் என்றால் தனித்தனிக் கட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள். பழைய கல்வீடுகளின் மரப்படிகள் செங்குத்தாக இருக்கும். அம்மாவுக்காக நான் 'ரே து ஷோசே', அதாவது கீழ்த்தளத்தில் அறை வேண்டும் என்று கேட்டேன்.

இனிக் கடிதம். பாரிஸில் இருக்கும் என் பெறாமகள் பிரெஞ்சில் எழுதித் தந்தாள். உங்களுக்கு அப்படி ஒருவர் இல்லாவிட்டால், சின்னச் சின்ன வசனங்களாக எழுதிக் கைபேசியில் மொழிபெயர்த்தாலே போதும். நான் எழுதியதன் சாரம் இது:

"வணக்கம் அம்மா. நாங்கள் இலங்கை, கொழும்பிலிருந்து வரும் தாயும் மகளும். செப்டெம்பர் 10 முதல் நாலு இரவு தங்க விரும்புகிறோம். என் அம்மாவுக்குப் படி ஏற முடியாது, கீழ்த்தள அறை கிடைக்குமா? அவர் இறைச்சி, மீன், முட்டை எதுவும் சாப்பிடமாட்டார். நான் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை. எங்களிடம் கார் இல்லை. ரயில் நிலையத்திலிருந்து வர என்ன வழி? விசாவுக்காக எங்கள் பெயரும் தேதியும் உங்கள் விலாசமும் போட்டு ஓர் உறுதிக் கடிதம் தர முடியுமா? விசா கிடைக்காவிட்டால் முற்பணம் என்ன ஆகும்?"

இவ்வளவுதான். மறுநாளே பதில் வந்தது. அறை உண்டு, நிலையத்துக்குத் தானே வந்து கூட்டிப் போவதாகவும், நாலு இரவு என்பதால் கடைசி இரவுக்குப் பத்து யூரோ குறைப்பதாகவும் எழுதியிருந்தார். குறைக்கச் சொல்லி நான் கேட்கவே இல்லை. முன்பதிவுத் தளத்தில் அதே அறை அதே நாட்களுக்கு விலை கூடவாக இருந்தது. தளத்துக்குக் கொடுக்கிற தரகுக் காசு மிஞ்சும்போது வீட்டுக்காரர் அதில் ஒரு பங்கை எங்களுக்கு விடுகிறார்.

முற்பண விஷயத்தில் நான் பட்டிருக்கிறேன். 2018இல் ஒரு தளம் வழியாக, ரத்துச் செய்ய முடியாத விலைக்கு ஒரு வீட்டைப் பிடித்துவிட்டு விசாவுக்குப் போட்டேன். விசா பிந்தி வந்தது, தேதி மாறியது, கட்டிய காசு முழுவதும் போய்விட்டது. பிரான்ஸில் முற்பணத்துக்கு இரண்டு பெயர் உண்டு என்று பிறகுதான் அறிந்தேன். 'ஆர்' என்று எழுதியிருந்தால் நீங்கள் விலகும்போது அந்தத் தொகை மட்டும் போகும். வீட்டுக்காரர் விலகினால் இரண்டு மடங்காகத் திருப்பித் தர வேண்டும். 'அக்கோன்த்' என்று எழுதியிருந்தால் அது முழு ஒப்பந்தம், மீதியையும் கேட்க அவருக்கு உரிமை இருக்கிறது. கடிதத்தில் எந்தச் சொல் இருக்கிறது என்று பார்த்துக் காசு அனுப்புங்கள். கொழும்பிலிருந்து அனுப்புவதற்கு வங்கிக் கட்டணமே அதிகம். எனக்காகப் பிரான்ஸில் இருக்கும் தங்கச்சி ஒரு காசோலை எழுதித் தபாலில் அனுப்பினாள். கிராமத்து வீட்டுக்காரர்கள் பலருக்குக் காசோலை இன்னும் பழக்கமான விஷயம்.

விசா பற்றி இந்தத் தங்கலோடு சம்பந்தப்பட்டதை மட்டும் சொல்கிறேன். ஷெங்கன், அதாவது பிரான்ஸ் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான குறுகிய கால விசாவின் கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. பயணக் காப்புறுதி குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். சொந்தக்காரர் வீட்டில் நிற்கிற நாட்களுக்கு அவர் தன் ஊர் மேரியில் எடுத்த 'அத்தெஸ்தாசியோன் தக்கேய்' என்ற கடிதம் வேண்டும். அதற்கு 30 யூரோ முத்திரை. மேரி மறுத்தாலும் அந்தக் காசு திரும்பாது. கிராமத்தில் தங்குகிற நாட்களுக்கு வீட்டுக்காரரின் உறுதிக் கடிதம் வேண்டும். இரண்டின் தேதிகளும் இடைவெளி இல்லாமல் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும், ஒரு இரவு விடுபட்டாலும் கேள்வி வரும். கையில் காட்ட வேண்டிய காசும் இதைப் பொறுத்தது. சொந்தக்காரர் வீட்டில் ஒரு நாளுக்கு 32.50 யூரோ, முன்பதிவு செய்த இடத்தில் 65, எதுவும் இல்லாவிட்டால் 120. முன்பதிவுக் கடிதம் எவ்வளவு உதவுகிறது என்று இந்தக் கணக்கிலேயே தெரியும்.

போவதற்கு ஜூனும் செப்டெம்பரும் நல்ல மாதங்கள். ஜூலை, ஓகஸ்ட்டில் அங்கே பள்ளிக்கூட விடுமுறை, விலை ஏறும், அறை கிடைக்காது. மே மாதமும் வடிவுதான், ஆனால் அரச விடுமுறைகள் அடுக்கடுக்காக வரும். வார நாட்களில் தங்கினால் வீட்டுக்காரரும் சந்தோஷப்படுவார்.

பூர்கோனுக்குப் பாரிஸில் பெர்சி நிலையத்திலிருந்து ரயில் ஏற வேண்டும். பாரிஸிலேயே உள்ள லியோன் நிலையத்துக்குப் பக்கம்தான், ஆனால் வேறு நிலையம். வெசெலேக்குக் கிட்டிய நிலையம் செர்மிசெல். அங்கே இறங்கினால் முன்னால் ஒரு வீதியும் சில வீடுகளும் மட்டும். கோட்டை ஸ்டேஷன் வாசலில் நிற்பது போல ஓட்டோ ஒன்றும் நிற்காது. டாக்சி கூட முதல்நாளே சொல்லிவைத்தால்தான் வரும். ஞாயிற்றுக்கிழமை போய் இறங்குவதைத் தவிருங்கள். ஞாயிறு மத்தியானத்தோடு கடைகள் பூட்டு, திங்களும் பல கடைகள் பூட்டு. தண்ணீர்ப் போத்தலும் பிஸ்கட்டும் பழமும் பாரிஸிலேயே வாங்கிப் பையில் வையுங்கள்.

காரில் போவதென்றால் சிலோன் ஆட்டோமொபைல் சங்கத்தில் சர்வதேச அனுமதிப்பத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள். வலப்பக்க ஓட்டம் அரை நாளில் பழகிவிடும். பழகாதது வேறொன்று. அடையாளப் பலகை எதுவும் இல்லாத கிராமத்துச் சந்தியில் வலப்பக்கத்திலிருந்து வருகிறவருக்குத்தான் முதல் உரிமை. ஒரு சின்ன ஒழுங்கையிலிருந்து ட்ரக்டர் நேராக ஏறி வரும், நீங்கள்தான் நிற்க வேண்டும். கியர் இல்லாத வண்டி வேண்டும் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், அங்கே அது குறைவு.

போய்ச் சேரும் நேரம் மிகவும் முக்கியம். அநேகமான வீடுகளில் மாலை 5 மணியிலிருந்து 7 மணிக்குள் வரச் சொல்வார்கள். பகலில் அவர்கள் தோட்டத்திலோ வேலையிலோ இருப்பார்கள். பிந்தினால் கட்டாயம் தொலைபேசியில் சொல்லுங்கள், மின்னஞ்சல் போதாது. முதல் தடவை நாங்கள் வழி தவறி இரவு எட்டரைக்குப் போனோம். ஜூன் மாதம் என்பதால் வெளிச்சம் இருந்தது. வீட்டுக்கார ஐயா படலையடியில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். ஒன்றும் சொல்லவில்லை, பெட்டியை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு நான் எங்கேயும் பிந்தியதில்லை. வாசலில் முதல் வார்த்தை 'போன்ஜூர்', அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம். கடைக்குள் போனாலும் அப்படித்தான். அதைச் சொல்லாமல் கேள்வி கேட்டால் முகம் சுருங்கிவிடும்.

இரவுச் சாப்பாட்டுக்கு அங்கே 'தாபிள் தோத்' என்ற முறை இருக்கிறது. தங்குகிறவர்களுக்கு மட்டும், ஒரே மேசையில், எல்லோருக்கும் ஒரே சமையல். எங்களுக்கு ஆளுக்கு 25 யூரோ. முதல்நாளே சொல்ல வேண்டும், எல்லா வீட்டிலும் கிடையாது. நாலு நாளில் இரண்டு இரவாவது இதை எடுங்கள் என்பேன். பூர்கோனின் பேர்போன கறி மாட்டிறைச்சியை வைனில் மணிக்கணக்காக வேகவைப்பது. சொல்லாமல் விட்டால் அதுதான் மேசைக்கு வரும். 'சைவம்' என்று ஒரு சொல்லில் எழுதினாலும் போதாது. சிலருக்கு மீன் சைவம், சூப்பில் கோழித் தண்ணீர் இருக்கும், சலாட்டில் பன்றித் துண்டு பொடியாகக் கிடக்கும். சாப்பிடாதவற்றை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எழுதுங்கள். அம்மாவுக்குப் பூசணி சூப், பாலாடையில் வெந்த உருளைக்கிழங்கு, வோல்நட் போட்ட இலைச் சலாட், ஆப்பிள் பழம் வந்தன. மற்றவர்களுக்கும் அன்று அதே உருளைக்கிழங்குதான், இறைச்சியைத் தனிச்சட்டியில் வைத்திருந்தார்.

சாப்பாடு எட்டு மணிக்குத் தொடங்கிப் பத்தரைக்கு முடிந்தது. அவசரப்படக் கூடாது. இனிப்புக்கு முன்னால் சீஸ் தட்டு வரும். முக்கோணத் துண்டின் நுனியை வெட்டி எடுக்க நான் கத்தியை வைத்தேன். வீட்டுக்கார அம்மா மெல்லத் தட்டைத் திருப்பி, நுனியிலிருந்து ஓரம் வரை நீளவாக்கில் வெட்டிக் காட்டினார். நடுப்பகுதிதான் ருசி, அதை ஒருவரே எடுத்துவிடக் கூடாது, எல்லோருக்கும் கொஞ்சம் நடுவும் கொஞ்சம் ஓரமும் வர வேண்டும். பந்தியில் பரிமாறுகிறபோது எங்கள் வீடுகளில் பார்க்கிற அதே கவனம். வைன் குடிக்காவிட்டால் கிளாஸின் மேல் கையை வைத்து 'நோன் மெர்சி' என்றால் போதும், யாரும் வற்புறுத்தமாட்டார்கள்.

காலைச் சாப்பாடு அங்கே இனிப்புத்தான். பாண், பட்டர், வீட்டில் காய்ச்சிய ஜாம், தேன், சில நாள் குரோசான். கோப்பியைக் கிண்ணத்தில் ஊற்றித் தருவார்கள். பாணுக்குத் தட்டு வராது, மேசை விரிப்பின் மேலேயே வைப்பார்கள். முட்டையும் காரமும் தேடினால் ஏமாற்றம். இரண்டு நாளில் நாக்கு கேட்கத் தொடங்கும், அதற்கு ஒரு சின்னப் போத்தலில் இடிச்ச மிளகாய்த்தூளும் உப்பும் கொண்டுபோங்கள். கருவாடு வேண்டாம். அந்த மணம் கல்வீட்டில் ஒரு மாதம் நிற்கும். இறைச்சியும் பால்சாமான்களும் ஐரோப்பாவுக்குள் கொண்டுபோகத் தடை. பச்சைக் கறிவேப்பிலையையும் எடுக்கக் கூடாது. தேங்காய், வாழைப்பழம், அன்னாசி போல ஒருசிலவற்றுக்கு மட்டும் சான்றிதழ் தேவையில்லை.

கொண்டுபோக வேண்டியது தேயிலை. நாங்கள் நுவரெலியாத் தேயிலை கால் கிலோ கொடுத்தோம். அங்கே தேநீர் என்றால் வெந்நீரில் ஒரு பை, பால் இல்லை. மூன்றாம் நாள் காலையில் அம்மா, குசினிக்குள் வரலாமா என்று சைகையால் கேட்டார். பாலைக் காய்ச்சி, சாயத்தைத் தனியாக இறக்கி, அவர்களுடைய அந்தக் கோப்பிக் கிண்ணங்கள் இரண்டை எடுத்துக் கைக்குக் கை உயர்த்தி ஆற்றினார். ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை. வீட்டுக்கார அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்று பார்த்தார். அப்புறம் தானும் செய்து பார்க்கக் கிண்ணங்களை வாங்கினார். ஒருவர் மொழி மற்றவருக்கு ஒரு சொல் தெரியாது. ஆனாலும் அன்று ஒன்பது மணி மட்டும் இரண்டு பேரும் மேசையை விட்டு எழும்பவில்லை.

குளியலறை பற்றிச் சொல்ல வேண்டும், இதை யாரும் எழுதுவதில்லை. மலசலகூடத்தில் தண்ணீர்க் குழாய் இருக்காது. ஒரு வெறும் போத்தலையோ சின்னக் கப்பையோ பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். குளியலறைத் தரையில் தண்ணீர் போக வழி கிடையாது, பல வீடுகளில் அது மரத்தரை. ஷவர் கதவுக்குள்ளேயே குளித்து, அங்கேயே துடைத்துக்கொண்டு வெளியே வர வேண்டும். வெந்நீர் ஒரு தாங்கியளவுதான், இரண்டு பேரும் அடுத்தடுத்துத் தலை முழுகினால் மற்ற விருந்தாளிக்குத் தண்ணீர் ஆறிவிடும். சவர்க்காரம் சில வீடுகளில் இருக்காது. எங்கள் மூன்று கம்பி பிளக் அங்கே நுழையாது, இரண்டு உருண்டைக் கம்பி உள்ள அடப்டர் வேண்டும். மின்சாரம் எங்களுடையது போல 230 வோல்ட்தான். தடித்த கற்சுவர் என்பதால் அறைக்குள் வைஃபை பலவீனம், வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள்.

பகலில் எங்கே போவது என்று திட்டம் அதிகம் போடாதீர்கள். வெசெலேயில் மரிய மதலேனாள் பேராலயம் இருக்கிறது, 1979இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. உள்ளே வளைவுகளுக்கு வெள்ளையும் மண்ணிறமுமாகக் கற்களை மாற்றி மாற்றி வைத்திருக்கிறார்கள். நாங்கள் சைவ சமயம், ஆனாலும் அம்மா அங்கே ஒரு மணி நேரம் கண்மூடி இருந்தார். மற்ற நாட்களில் ஆற்றங்கரை வரை நடந்தோம், பெட்டிக்கடையளவு பேக்கரியில் பாண் வாங்கினோம், மத்தியானம் சீஸும் தக்காளியும் வைத்துத் தோட்டத்து மரத்தடியில் சாப்பிட்டோம். வீட்டுக்காரரைக் கேட்டால் தட்டும் கத்தியும் தருவார். பத்து யூரோவுக்குள் இரண்டு பேரின் சாப்பாடு முடிந்துவிடும். உணவகத்துக்குப் போவதென்றால் பன்னிரண்டுக்கும் ஒன்றரைக்கும் நடுவில் போய்விடுங்கள், இரண்டு மணிக்குப் பிறகு அடுப்பு அணைத்திருப்பார்கள்.

கணக்கு முடிப்பது கடைசி நாளுக்கு முதல்நாள் மாலை. கார்டு இயந்திரம் இல்லாத வீடுகள் நிறைய, காசாக வைத்திருங்கள். கிட்டிய வங்கி இயந்திரம் பத்துக் கிலோமீட்டர் தள்ளி இருக்கலாம். வாடகையோடு 'தாக்ஸ் து செஜூர்' என்று ஆளுக்கு, இரவுக்கு ஒரு சின்னத் தொகை வரும். அது ஊர் வரி, பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இல்லை. டிப்ஸ் கொடுப்பது அங்கே வழக்கம் இல்லை, வீட்டுக்காரரிடம் காசு நீட்டினால் சங்கடப்படுவார். வரவேற்புப் புத்தகம் இருந்தால் தமிழிலேயே நாலு வரி எழுதுங்கள். அம்மா எழுதியதை அவர்கள் விரலால் தடவிப் பார்த்தார்கள்.

கிளம்பும்போது ஜாம் போத்தல் தருவார்கள். அதைக் கைப்பையில் வைக்காதீர்கள். விமான நிலையத்தில் ஜாமும் திரவக் கணக்குத்தான், 100 மில்லிக்கு மேல் என்றால் பறித்துவிடுவார்கள். எங்களுக்குக் கிடைத்தது கறுப்புத் திராட்சை போல இருக்கும் காசிஸ் பழ ஜாம். வீட்டுக்கார அம்மா அதைப் பழைய பத்திரிகையில் சுற்றி, அம்மாவின் கம்பளிச் சட்டைக்குள் வைத்துப் பெட்டியைத் தானே மூடினார். ஜாம் இரண்டு கிழமையில் முடிந்துவிட்டது. போத்தலில் இப்போது அம்மா சீரகம் போட்டு வைத்திருக்கிறார்.